மைல்கூலி கருத்தையா சொன்ன பொய்

காசி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கருத்தையா அண்ணன் ரோட்டைக் காட்டுவார். "இப்படியே போனா வந்துரும்" என்பார். அவர் காரைக்குடிக்கு வடக்கே கோட்டையூரைத் தாண்டிப் போனது எனக்குத் தெரிந்து மூன்று தடவைதான். ஆனாலும் காசியிலிருந்து வருகிற ரோடு தன் பொறுப்பில் இருப்பதாகவே பேசுவார். அதில் அவருடைய பங்கு நாலு மைல்.

கணக்காகச் சொன்னால் அவர் பேச்சு சரியில்லை. காசியில் புறப்பட்டு நாட்டின் நீளத்துக்கும் இறங்கி வருகிற பெரிய ரோடு, மதுரை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போய்விடுகிறது. எங்கள் ஊரை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதில் நடந்து வருகிற வடக்கத்தி யாத்திரைக்காரர்களில் ஸ்ரீரங்கம் பார்க்க நினைக்கிறவர்கள் திருச்சிக்கு ஒதுங்கி, அங்கிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை என்று எங்கள் ரோட்டைப் பிடித்து ராமேசுவரம் போவார்கள். வருசத்துக்குப் பத்துப் பேராவது வருவார்கள். அதைப் பார்த்துத்தான் கருத்தையா இதுவே காசி ரோடு என்று முடிவு கட்டியிருந்தார். நான் மறுத்துப் பேசியதில்லை. ஒரு மனுசனுக்கு ஒரு பெருமையாவது வேண்டாமா?

மைல்கூலி என்பது நெடுஞ்சாலை இலாகாவில் கடைசி வேலை. அதற்குக் கீழே பூமிதான். ரோட்டில் பள்ளம் விழுந்தால் மண் போட வேண்டும், ஓரத்துப் புல்லைச் செதுக்க வேண்டும், புளியமரத்துக்கும் மைல்கல்லுக்கும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், லாரி நசுக்கிப்போட்ட நாயை இழுத்துப் புதைக்க வேண்டும். காக்கி அரை டிராயரும் தலையில் துண்டுமாக இருபது வருசம் அதைச் செய்தவர் கருத்தையா. அறுபத்தாறில், அரியக்குடிக்கு அப்பால் காட்டோடையின் குறுக்கே பழைய தரைப்பாலத்தை எடுத்துவிட்டுப் புதுப்பாலம் கட்ட ஆரம்பித்தபோது, உள்ளூர் ஆள் என்று அவரையே அங்கே காவலுக்குப் போட்டார்கள். பாலத்துக் காண்டிராக்டரிடம் ஜல்லிக்கும் மணலுக்கும் பொறுப்பாக இருந்தவன் நான், காரைக்குடி சபியுல்லா. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வாய் மட்டும் அறுபது வயதுக்கு இருக்கும்.

ஓடைக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே நல்லவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களும் அடித்தார்கள். கருத்தையாவின் மனைவி பொன்னுத்தாயி பிறந்த ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாலம் கட்டுகிற இடம் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிட்டது. மணலில் குதிப்பார்கள், சாரத்தில் ஏறுவார்கள், தூணுக்காகத் தோண்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டுவார்கள். குழியில் ஊற்றுத் தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்துக்கு நின்றது.

கருத்தையாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதற்குக் காரணம் இருந்தது. முன்பு, ஐம்பத்து மூன்றில், நாச்சியாபுரம் பக்கம் ஒரு சிறு பாலத்துக்குத் தோண்டிய குழியில் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று விழுந்துவிட்டது. இறங்கித் தூக்கியவர் இவர்தான். தூக்கும்போதும் பிள்ளையின் கையில் மண் அள்ளிய கொட்டாங்கச்சி இருந்ததாம், விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம். இன்னொரு குழியில் இன்னொரு பிள்ளை சாகக் கூடாது என்பது மட்டும்தான் அவர் மனசில் இருந்தது. கம்பெடுத்து விரட்டிப் பார்த்தார். அதுவே ஒரு விளையாட்டாகிப் போனது. ஒருநாள் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாலம் நிக்கணும்னா பூமிக்கு ஒரு பிள்ளையைக் குடுக்கணும்டா. அந்தக் குழியில இறக்கி மேல காரையைக் கொட்டிருவாக. இன்சினீயரு எல்லாம் சரி பண்ணிட்டாரு. பிள்ளைதான் இன்னும் அம்புடல" என்றார்.

பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தில் ஒருவன் டிராயரை விட்டுவிட்டுப் போனான். நான் மணல் குவியல்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாலத்துக்கு நரபலி கேட்கும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் புதிதில்லை. பெரிய பாலம் எது கட்டினாலும் கிளம்பும், பாலம் முடிந்ததும் அடங்கும். இவர் அதை எடுத்துக் காவலுக்கு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து குழிப்பக்கம் ஒரு குஞ்சு வரவில்லை.

இதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. நிற்காமல் போனதற்கு நானும் ஒரு காரணம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்கப் போனேன். "பிள்ளையை யாரு பாய் புடிச்சுக் குடுக்குறது?" என்று ஒருத்தர் கேட்டார். கேட்டவர் முகத்தில் சிரிப்பில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வடக்க இருந்து ஆளு வருவாக. காவி கட்டிக்கிட்டு, சாமியாரு கணக்கா. தோள்ல ஒரு பை தொங்கும்" என்று அடித்துவிட்டேன். கருத்தையா சொன்ன பொய்யில் காவியும் கிடையாது, பையும் கிடையாது. அவை நான் தைத்துப் போட்டவை. பின்னால் எத்தனையோ தடவை தொழுது துஆ கேட்டிருக்கிறேன். அல்லாஹ் மன்னிப்பானா என்று எனக்குத் தெரியாது.

அந்த ஐப்பசியில் மழை ஊற்றி, பாதி எழுப்பிய தூண் ஒன்று ஒருபக்கமாக இறங்கிவிட்டது. களிமண்ணில் அஸ்திவாரம் போட்டால் இறங்காமல் என்ன செய்யும்? ஆனால் சுற்றுப்பட்டியெல்லாம் பாலம் பிள்ளை கேட்கிறது என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. பெண்கள் களையெடுக்கப் போகும்போதும் பிள்ளைகளை இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு போனார்கள்.

பொன்னுத்தாயியின் தம்பி கோட்டைச்சாமி ஒருநாள் வேலை நடக்கிற இடத்துக்கே வந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஏழு வருசம் கழித்துப் பிறந்த ஒரே மகன் மருது, மூன்று வயசு.

"மச்சான், ஊருல பேசிக்கிறது நெசமா? நீக இங்கயே கெடக்கீக. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

அப்போதே, "அட போடா, பிள்ளைகளை விரட்டச் சொன்னது" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கருத்தையா என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "பிள்ளையை இங்குட்டு விடாம வச்சுக்க. அம்புட்டுத்தான்" என்றார். பயம் இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும், தூண் எழும்பிக் குழி மூடட்டும் என்று நினைத்திருக்கிறார். அவர் நினைத்ததில் தப்பு இருப்பதாக அன்றைக்கு எனக்கும் படவில்லை.

பங்குனி பிறந்து வெயில் ஏறிய ஒரு மத்தியானம் அந்தப் பெரியவர் வந்தார். அறுபது வயசுக்கு மேலிருக்கும். வெளுத்துப் போன காவி வேட்டி, தோளில் பை, வாயை ஈயத்தால் அடைத்த ஒரு செம்பு. அதில் ராமேசுவரத்துச் சாமிக்கு ஊற்றக் கங்கைத் தண்ணீர். நான் லாரியோடு ஜல்லிக்குப் போயிருந்தேன். வேலையாட்கள் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்தார்கள். இனி வருவது கருத்தையா பிற்பாடு எனக்குச் சொன்னது.

தன் காவல் கொட்டகை நிழலில் பெரியவரை உட்காரவைத்து, தண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்திருக்கிறார். ஒருத்தர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. "காசியா?" என்று கேட்டதற்குப் பெரியவர் தலையாட்டிவிட்டுத் தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினாராம். வெடிப்பு வெடிப்பாக இருந்ததாம். "நாம சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டுக் கெடக்குற ரோட்ட அவரு முழுசா நடந்து பாத்துட்டு வந்துட்டாரு தம்பி. எனக்கு அந்தக் கால விட மனசு வரல" என்றார் என்னிடம்.

பிறகு கருத்தையா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் ஊற்றுத் தண்ணீர் இறைக்கப் போனார். திரும்பும்போது பெரியவர் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் நின்றார். மருது. மூன்று வயசுப் பிள்ளைக்கு நரபலிக் கதை என்ன தெரியும்? அம்மா அசந்த நேரத்தில் நடந்து வந்து குழி விளிம்பில் நின்றிருக்கிறான். பெரியவர் குழியையும் பிள்ளையையும் மாற்றி மாற்றிக் காட்டி ஏதோ சொன்னார். அழுகையை நிறுத்தப் பிள்ளையின் கையில் கற்கண்டு கொடுத்திருந்தார். கருத்தையாவுக்கு உயிர் போய் வந்தது. பெரியவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அங்குட்டு, அங்குட்டு" என்று ஊர் இருக்கும் திசையைக் காட்டினார். பெரியவர் பிள்ளையோடு நடந்தார்.

"வழி காட்டி விட்டதே நான்தான். அந்த நேரம் நான் சொன்ன பொய் எனக்கு நெனப்பே வரல. ஒரு பொட்டுக்கூட வரல" என்று சொல்லிவிட்டுக் கருத்தையா தலையில் அடித்துக்கொண்டார்.

குடத்தை இறக்கி வைப்பதற்குள் சத்தம் கேட்டது. ஓடினார். ஊர் முகப்பில் ஐம்பது அறுபது பேர். மருதுவின் தாய் கல்யாணசுந்தரி பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அமுக்கிக்கொண்டு கத்துகிறாள். பெரியவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், நெற்றியில் ரத்தம். இரண்டு கையையும் கூப்பி "ராமேசுவர், ராமேசுவர்" என்று மட்டும் சொல்கிறார். கோட்டைச்சாமி கையில் வண்டியிலிருந்து உருவிய முளைக்குச்சி.

"விடுங்கடா, பாவம்டா. குழிக்கிட்ட நின்ன பிள்ளையைத் தூக்கியாந்து குடுக்க வந்தவரு" என்று கருத்தையா உள்ளே புகுந்தார்.

"குழிக்கிட்டயா? குழிக்கிட்ட எதுக்கு மச்சான் என் பிள்ளையைக் கொண்டுபோனான்?" என்று கோட்டைச்சாமி கேட்டான்.

"அவரு கொண்டுபோகல. பிள்ளை தானா வந்துச்சு. அந்தப் பேச்சே பொய்யிப்பா. பிள்ளைக வராம இருக்க நான் சும்மா சொன்னது."

கூட்டம் ஒரு நிமிசம் நின்றது. ஒரே ஒரு நிமிசம். அப்புறம் பின்னாலிருந்து யாரோ, "பாலத்துக்காரன் வேற எப்படிச் சொல்லுவான்? பிள்ளைய வீட்டுல வச்சுக்கச் சொல்லிட்டு ஆளை அனுப்புனதே இவன்தானோ என்னமோ" என்றான். ஒரு கை கருத்தையாவின் துண்டைப் பிடித்து இழுத்தது. கோட்டைச்சாமி முளைக்குச்சியை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். "சொல்லுங்க மச்சான். இவனை உங்களுக்குத் தெரியுமா? கொட்டகையில வச்சுத் தண்ணி குடுத்தீகளாமே."

தெரியும் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் செத்திருப்பார்கள் என்று நான் பல தடவை அவருக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறேன். இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். கருத்தையா, "எனக்குத் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். கூட்டத்துக்கு அவ்வளவு இடம் போதுமானதாக இருந்தது.

மூன்று மணிக்கு நான் லாரியோடு வந்தேன். கூட்டத்தில் ஒருத்தர்கூட இல்லை, ஊர்க் கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. ரோட்டோரத்தில் கருத்தையா அந்தப் பெரியவரின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மூச்சு இருந்தது. ஜல்லியை இறக்கக்கூட நேரமில்லாமல் அதன்மேல் சாக்கை விரித்துக் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். அரியக்குடி வருவதற்குள் போய்விட்டார். வெளுத்த காவியையும் தோள் பையையும் பார்த்துக்கொண்டே நான் அந்த லாரியில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் என் வாயிலிருந்து வந்த ஆள் அப்படியே எதிரில் படுத்திருந்தார்.

பையில் இருந்த தபால் கார்டு இந்தியில் எழுதியிருந்தது. காரைக்குடியில் இந்தி படித்த வாத்தியார் ஒருவர் இருந்தார். அறுபத்தைந்து கலவரத்துக்குப் பிறகு தனக்கு இந்தி தெரியும் என்பதையே மறைத்து வைத்திருந்தார். ராத்திரியில் ரகசியமாகப் போய்க் கேட்டதில் படித்துச் சொன்னார். மகளுக்கு எழுதியது. உடம்புக்கு ஒன்றுமில்லை, இந்தப் பக்கத்து மனிதர்கள் நல்லவர்கள், கேட்காமலே தண்ணீர் தருகிறார்கள் என்று இருந்ததாம். கருத்தையா கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதார். மகளுக்குச் சேதி எழுத வேண்டும் என்று நாலைந்து நாள் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன எழுதுவது? கார்டைப் போலீஸ் வாங்கிக்கொண்டு போனது. அதற்குமேல் அது என்னவாயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை.

பெரியவரை ஓடைக்கரையில் எரித்தோம். கொள்ளி வைத்தது கருத்தையா. வழக்கில் பதினாலு பேர், முதல் பெயர் கோட்டைச்சாமி. நேரில் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய ஆள் கருத்தையா ஒருத்தர்தான். கோர்ட்டுக்குப் போகிற அன்று காலையில் பொன்னுத்தாயி வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"என் தம்பிய நீகளே தூக்குல ஏத்திறாதீக. ஏழு வருசம் தவங் கெடந்து பெத்த பிள்ளை. அது அப்பன் இல்லாம நிக்கும்."

கூண்டில் ஏறி, "நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுங்க" என்றார் கருத்தையா. பதினாலு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். காவியும் பையும் நான் கட்டிவிட்டவை என்று நானும் எந்தக் கோர்ட்டிலும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

இறங்கிய தூணை இடித்து, அடியில் பாறை வரை தோண்டி, மறுபடி கட்டினார்கள். அறுபத்தெட்டில் பாலம் திறந்தது. எழுபத்தேழு புயல் மழையில் சுற்றிலும் எத்தனையோ பாலம் போனது, இது அசையவில்லை. பாறைமேல் நிற்கிற பாலம் ஏன் அசையப் போகிறது? ஆனால் ஊருக்கு வேறு காரணம் தெரியும். பாலம் கேட்டது, கிடைத்தது, நிற்கிறது. பாலத்தடியில் ஒரு கல்லை நட்டுக் காவித் துணி சுற்றி, பங்குனிதோறும் பொங்கல் வைத்தார்கள். கல்லுக்குக் காசிச்சாமி என்று பெயர். அடித்துக் கொன்றவரைச் சாமியாக்கிவிட்டால் கொன்ற பழி கழுவிப் போகும் போலிருக்கிறது.

அந்தப் பத்து வருசத்தில் கருத்தையா அந்தப் பாலத்தின்மேல் வேலைக்கு ஒழிய ஏறியதில்லை. அக்கரைக்குப் போக ஓடையில் இறங்கித்தான் நடப்பார், தண்ணீர் இடுப்பளவு ஓடினாலும். அவருடைய கலகலப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கூடப் பிறந்தவன் மாதிரி பழகிய என்னிடம்கூட ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. எழுபத்தெட்டில் அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். அந்தப் பங்குனியில் ஒருநாள், காரைக்குடியில் நான் அப்போது வைத்திருந்த கடைக்கு வந்து, "தம்பி, இன்னைக்குப் பொங்கலு. நீயும் கூட வா. இனிமே மனசுல வச்சுக்கிட்டுச் சாக முடியாது" என்றார்.

போனோம். இருநூறு பேர் இருக்கும். பூசை முடிந்து தட்டு சுற்றி வரும்போது கருத்தையா கல்லுக்கு முன்னால் போய் நின்றார். அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"பாலம் பிள்ளை கேட்டுச்சுன்னு சொன்னது நான். பொய்யி. பிள்ளைக குழியில விழக் கூடாதுன்னு சொன்னது. அந்தப் பெரியவரு மருதுவைக் காப்பாத்திக் கொண்டாந்தாரு. நான் பாத்தேன். வழியும் காட்டி விட்டேன். அப்புறம் தெரியாதுன்னுட்டேன். நீங்க அடிச்சது ஒரு பாவமும் அறியாத மனுசனை. எல்லாத்துக்கும் மூலம் நான்தான்."

காவி என்னுடையது என்று நானும் அங்கேயே சொன்னேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டைச்சாமி முகம் செத்துப் போயிருந்தது. பக்கத்தில் நின்ற மருதுவுக்கு இப்போது பதினாலு வயது. அவன் அப்பனைப் பார்த்தான். கருத்தையாவை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அவரும் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார் என்பது அவர் நின்ற நிலையில் தெரிந்தது. அப்போது ஆயி என்ற கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்த ஊரில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"அது நீயாவா சொன்ன கருத்தையா? பாலத்தக் கட்டுறவனே நெனைக்காதத, காவக்காரன் உன் வாயில யாரு வந்து சொன்னது? இத்தன பேரு இருக்க உனக்கு மட்டும் ஏன் தோணுச்சு? சாமி தனக்கு வேணுங்குறதத் தானே உன்ட்டச் சொல்லிருக்கு. நீ வெறும் வாயி."

"இல்ல ஆயி. பொய்யி. நான் சொன்ன பொய்யி" என்றார் கருத்தையா.

"சாமி வந்தவனுக்குத் தான் சொன்னது தெரியுமா?" என்றாள் ஆயி.

யாரோ குலவை போட்டார்கள். கோட்டைச்சாமியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். பதினோரு வருசமாக அவனும் சரியாகத் தூங்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இனித் தூங்குவான். நெடுஞ்சாண்கிடையாகக் கருத்தையாவின் காலில் விழுந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை எட்டி உதைத்திருப்பேன், கால் வரவில்லை.

ஆயி திருநீற்றுத் தட்டைக் கருத்தையாவின் கையில் திணித்தாள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். கோட்டைச்சாமி எழுந்து கைகட்டி நின்றான்.

"மச்சான், தேவகோட்டைப் பக்கம் புதுசா ஒரு பாலத்துக்குக் குழி தோண்டிருக்காக. ஊருல எல்லாரும் பிள்ளைகளை வச்சுக்கிட்டுப் பயந்து கெடக்காக. அது என்ன கேக்குதுன்னு நீகதான் சொல்லணும்."

கருத்தையா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாலம் எதையும் கேட்கவில்லை என்று உண்மையைச் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. கண்ணை மூடினார். நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு சொன்னார்.

"மனுச உசுரு வேண்டாங்குது. ஒரு சேவல் போதுமாம்."

கோட்டைச்சாமி அப்போதே சேவல் பார்க்கக் கிளம்பிவிட்டான்.